பொறியியல் ஜர்னலுக்குக் கட்டுரை தயார் செய்வது: முதல் முறை அனுப்பப் போகிறவர்களுக்கு

சோதனை முடிந்துவிட்டது, எண்கள் கையில் இருக்கின்றன, வழிகாட்டியும் எழுத ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். அடுத்துப் பலரும் செய்வது ஒரு வெற்று வேர்டு கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னுரையின் முதல் வரியோடு மல்லுக்கட்டுவது. ஃபார்மேட் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், எழுத்தின் அளவையும் ஓரத்து இடைவெளியையும் சரிசெய்கிற வேலைதானே அது என்ற நினைப்பு. இந்த நினைப்புதான் பின்னால் வேலையை இரட்டிப்பாக்குகிறது. ஏனென்றால் ஜர்னல் கேட்கிற வடிவத்தில் பாதி, கட்டுரையின் உள்ளடக்கத்தையே தொடுகிறது: எத்தனை படம் போடலாம், ஒரு எண்ணை எத்தனை தசமத்துக்குச் சொல்லலாம், எந்த விவரத்தை விட்டால் கட்டுரை திரும்பி வரும் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

விதிகள் ஏராளமாக இருக்கின்றன, ஜர்னலுக்கு ஜர்னல் மாறவும் செய்கின்றன, அதனால் மனப்பாடம் செய்து பயனில்லை. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். எடிட்டர் இருக்கிறார், தலைப்பு, அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரையின் சுருக்கம்), படங்கள், முடிவுரை இவற்றைப் பார்த்து இதை ரிவ்யூவுக்கு, அதாவது துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்று கொஞ்ச நேரத்தில் முடிவு செய்தாக வேண்டியவர். ரிவ்யூவர் இருக்கிறார், பெரும்பாலும் எந்த ஊதியமும் இல்லாமல், தன் சொந்த வேலைக்கு நடுவே உங்கள் கட்டுரையைப் படிக்கிறவர். பக்கம் அமைக்கிறவர் இருக்கிறார். அவருக்கு உங்கள் துறை தெரியாது, நீங்கள் கொடுத்த கோப்பு மட்டும்தான் தெரியும். அப்புறம் நாலைந்து வருடம் கழித்து ஏதோ ஒரு தேடலில் உங்கள் கட்டுரைக்கு வந்து சேர்கிற வாசகர். ஒரு விதி புரியவில்லை என்றால் இந்த நாலு பேரில் இது யாருடைய நேரத்தைக் காப்பாற்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாகப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஜர்னல், அப்புறம்தான் எழுத்து

எந்த ஜர்னல் என்று முடிவு செய்யாமல் எழுத ஆரம்பிக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஜர்னல் மாறினால் மாறுவது டெம்ப்ளேட் மட்டுமல்ல, யாருக்காக எழுதுகிறோம் என்பதும் மாறுகிறது. கான்கிரீட்டில் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் சேர்த்து வலிமையைச் சோதித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருட்கள் பற்றிய ஜர்னல் என்றால் சாம்பலின் வேதியியல், நுண்கட்டமைப்பு இதையெல்லாம் எதிர்பார்ப்பார்கள். கட்டமைப்புப் பொறியியல் ஜர்னல் என்றால், சரி, இதை வைத்து ஒரு உத்தரம் போட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்பார்கள். ஒரே தரவுதான், ஆனால் இரண்டு கட்டுரை.

எப்படித் தேர்ந்தெடுப்பது? நீங்கள் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் பட்டியலை எடுத்து, எந்த ஜர்னலின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள், அங்கேதான் உங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள். நீங்கள் குறிவைத்த ஜர்னலில் வந்த ஒரு கட்டுரைகூட உங்கள் பட்டியலில் இல்லை என்றால் ஒன்று இடம் தவறு, அல்லது படிப்பு போதவில்லை. அடுத்து அந்த ஜர்னலின் நோக்கமும் எல்லையும் எழுதியிருக்கும் பக்கத்தை வார்த்தை விடாமல் படியுங்கள். ரிவ்யூவுக்கே போகாமல் எடிட்டரிடமிருந்தே திரும்புகிற கட்டுரைகளில் நிறைய, தரம் குறைவு என்பதால் அல்ல, இது எங்கள் எல்லைக்குள் வராது என்ற காரணத்தால்தான் திரும்புகின்றன.

போலி ஜர்னல்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் முறை எழுதுகிறவர்கள்தான் அவர்களுக்கு இலக்கு. உங்களைப் புகழ்ந்து தானாக வரும் மின்னஞ்சல், மூன்று நாளில் ஏற்பு என்ற வாக்குறுதி, கட்டணம் எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லாத தளம், கேள்விப்படாத பெயரில் ஒரு தாக்கக் குறியீடு (ஜர்னலின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டும் எண்), இவற்றில் எதைப் பார்த்தாலும் நின்று யோசியுங்கள். நாங்கள் ஸ்கோபஸில் (ஜர்னல்களைப் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம்) இருக்கிறோம் என்று ஜர்னலின் தளம் சொல்வதை நம்பாதீர்கள். ஸ்கோபஸ் அல்லது அதே போன்ற வெப் ஆஃப் சயன்ஸின் சொந்தப் பட்டியலில் நீங்களே போய்த் தேடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரை அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு, அதனால் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, ஜர்னலுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் பதிப்பகத்தின் முகவரியும் பொருந்த வேண்டும்.

தேர்ந்தெடுத்தாகிவிட்டதா, இப்போது ஆசிரியர்களுக்கான வழிகாட்டியைத் திறந்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: வார்த்தை அல்லது பக்க எல்லை, அப்ஸ்ட்ராக்டின் நீளம், ரெஃபரன்ஸ் முறை, படங்களின் அகலம், ஆசிரியர் பெயரை மறைத்து அனுப்ப வேண்டுமா வேண்டாமா. இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எல்சேவியர் போன்ற பெரிய பதிப்பகங்களின் பல ஜர்னல்கள் முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்கின்றன, திருத்திய பதிப்புக்குத்தான் அவர்கள் வடிவம் கட்டாயம். அப்படிப்பட்ட ஜர்னலுக்கு முதல் நாளே இரட்டைப் பத்தியில் (பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து) அடுக்கி அழகு பார்ப்பதில் பொருளில்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ ட்ரிபிள் ஈயின் ஜர்னல்களுக்கு அனுப்புவதென்றால் நேராக அவர்கள் டெம்ப்ளேட்டிலேயே எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் பக்கக் கணக்கு அந்த இரட்டைப் பத்தி அமைப்பை வைத்துத்தான்.

எதை முதலில் எழுதுவது

பொறியியல் கட்டுரையின் எலும்புக்கூடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம், கடைசியில் முடிவுரை. படிக்கிற வரிசை இது, எழுதுகிற வரிசை இதுவல்ல. முதலில் படங்களையும் அட்டவணைகளையும் தயார் செய்து மேசையில் பரப்பி வையுங்கள். அவற்றை வரிசையாகப் பார்த்தாலே ஒரு கதை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இன்னும் எழுதுகிற நேரம் வரவில்லை. அப்புறம் செய்முறை, ஏனென்றால் அது நீங்கள் செய்தது, யோசிக்க வேண்டியதில்லை. பிறகு முடிவுகள், விவாதம், அதன் பிறகுதான் முன்னுரை. அப்ஸ்ட்ராக்டும் தலைப்பும் எல்லாவற்றுக்கும் கடைசி.

செய்முறையில் எவ்வளவு எழுத வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அளவுகோல் இதுதான்: வேறொரு ஆய்வகத்தில் இருக்கிறவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் இதைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். 28 நாள் அமுக்க வலிமை 40 மெகாபாஸ்கல் என்று எழுதுகிறீர்கள். கனசதுரத்தில் சோதித்ததா, உருளையிலா? ஒரே கான்கிரீட்டுக்கு உருளை வலிமை, கனசதுர வலிமையில் ஏறக்குறைய 0.8 மடங்குதான் வரும். அதைச் சொல்லாவிட்டால் 40 என்ற எண்ணை யாரும் எதோடும் ஒப்பிட முடியாது. நீர்-சிமென்ட் விகிதம், எந்த வகை சிமென்ட், எந்த வெப்பநிலையில் நீராற்றினீர்கள், சுமையை என்ன வேகத்தில் ஏற்றினீர்கள், ஒவ்வொரு கலவைக்கும் எத்தனை மாதிரி, எந்தத் தரநிலைப்படி, இவ்வளவும் வேண்டும். கணினி உருவகப்படுத்தல் செய்தவர்களுக்கும் இதே விதிதான், மென்பொருளின் பெயரும் பதிப்பும், எல்லை நிபந்தனைகள், மெஷ் (கணக்குக்காகப் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) அளவு, மெஷ்ஷை இன்னும் நுணுக்கினால் விடை மாறுகிறதா என்று சோதித்ததன் விவரம். இந்தக் கடைசிச் சோதனை இல்லாத கட்டுரைக்கு ரிவ்யூவரிடமிருந்து வரும் முதல் கேள்வியே அதுதான்.

முடிவுகளும் விவாதமும் வேறு வேறு. சாம்பல் 20 சதவீதம் சேர்த்தபோது 7 நாள் வலிமை குறைந்தது, பின்னர் 90 நாளில் சமமானது என்பது முடிவு. சாம்பலின் வினை மெதுவாக நடக்கும், சிமென்ட் நீரோடு சேரும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைத்த பிறகுதான் அது வேலை செய்யும், ஆகவே தாமதம் என்பது விவாதம். வரைபடத்தில் கண்ணால் பார்க்க முடிகிறதைத் திரும்ப வாக்கியமாக எழுதிவிட்டு அதற்கு விவாதம் என்று தலைப்பு வைப்பதை நிறையப் பார்க்கலாம். ஏன் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் விவாதம் இல்லை.

முன்னுரையில் வரும் பொதுவான கோளாறு, இன்னார் இதைச் செய்தார், இன்னொருவர் அதைச் செய்தார் என்று வரிசையாக அடுக்குவது. படித்ததை நிரூபிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் வருவது அது. ரிவ்யூவருக்கு வேண்டியது வேறு: இதுவரை என்ன தெரியும், எதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, எது யாராலும் தொடப்படவில்லை, அந்த இடைவெளியில் நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு பத்தியும் அந்த இடைவெளியை நோக்கி நகர வேண்டும், நகர்த்தாத மேற்கோளை எடுத்துவிடலாம்.

அப்ஸ்ட்ராக்ட் தனியாக நின்று பொருள் தர வேண்டும். தேடல் தளங்களில் கட்டுரை இல்லாமல் அது மட்டும்தான் தெரியும், அதனால்தான் அதற்குள் ரெஃபரன்ஸ் எண்ணோ, சமன்பாடோ, விளக்காத சுருக்கப் பெயரோ வரக்கூடாது என்கிறார்கள். ஐ ட்ரிபிள் ஈ ஆய்விதழ்கள் பொதுவாக 150 முதல் 250 வார்த்தைக்குள் கேட்கின்றன. அதில் எண் கட்டாயம் இருக்கட்டும். "வலிமை கணிசமாக உயர்ந்தது" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, எத்தனை சதவீதம், எதோடு ஒப்பிட்டு, எத்தனை நாளில் என்று எழுதினால் எடிட்டர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார். தலைப்பில் புதுமையான, நவீன போன்ற அடைமொழிகளைத் தவிர்த்துவிடுங்கள். புதியது இல்லை என்றால் எதற்கு அனுப்புகிறீர்கள்?

படங்களுக்கு நேரம் கொடுங்கள்

ஒரு கட்டுரைக்குச் செலவிட உங்களிடம் கொஞ்சம்தான் நேரம் மிச்சம் என்றால் அதை அப்படியே படங்களுக்குக் கொடுங்கள் என்பேன். எடிட்டரும் சரி, ரிவ்யூவரும் சரி, பின்னால் வரும் வாசகரும் சரி, அப்ஸ்ட்ராக்டை முடித்ததும் கண் போவது படத்துக்குத்தான்.

இதில் முதல் விதி, படத்தை அச்சாகப் போகும் அளவிலேயே வரைவது. ஐ ட்ரிபிள் ஈ ஜர்னலில் ஒரு பத்தியின் அகலம் 3.5 அங்குலம், அதாவது 88.9 மில்லிமீட்டர். எல்சேவியரில் ஒரு பத்திப் படம் 90 மில்லிமீட்டர், முழு அகலப் படம் 190 மில்லிமீட்டர். இப்போது கணக்குப் போடுங்கள். எக்செல்லிலோ மேட்லேபிலோ திரையில் நன்றாகத் தெரிகிறதே என்று 8 அங்குல அகலத்தில், 10 புள்ளி எழுத்தில் ஒரு வரைபடம் வரைகிறீர்கள். அது 3.5 அங்குலத்துக்குச் சுருங்கும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்கி 4.4 புள்ளிக்கு வந்துவிடும், பூதக்கண்ணாடி வைத்தாலும் கஷ்டம்தான். முதலிலேயே 3.5 அங்குலத்தில், 8 புள்ளி எழுத்தில் வரைந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எல்லாப் படத்திலும் எழுத்தின் அளவு ஒன்றாகவும் இருக்கும், கட்டுரை தானாகவே ஒழுங்காகத் தெரியும்.

அடுத்து கோப்பு வகை. வரைபடம், கோட்டுப்படம், மின்சுற்று இவற்றை புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே பதியும் வெக்டர் வடிவத்தில், அதாவது பிடிஎஃப் அல்லது ஈபிஎஸ் கோப்பாகச் சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. புகைப்படம், நுண்ணோக்கிப் படம் என்றால் டிஃப் கோப்பாக அங்குலத்துக்கு 300 புள்ளியாவது வேண்டும். கோட்டுப்படத்தை வெக்டராகத் தர முடியவில்லை என்றால் ஐ ட்ரிபிள் ஈ 600 கேட்கிறது, எல்சேவியர் 1000 கேட்கிறது. ஜேபெக் வேண்டாம், அது கோப்பைச் சுருக்கும்போது கோட்டைச் சுற்றி அழுக்குப் பிடித்த மாதிரி ஒரு மங்கலை விட்டுவிடும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுவது, அப்புறம் குறைந்த தெளிவில் இருந்த படத்தை மென்பொருளில் 300 என்று எண்ணை மட்டும் மாற்றிச் சேமிப்பது, இரண்டுமே பலிக்காது. இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தராது.

நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள், கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் கோட்டின் வகையும் புள்ளியின் வடிவமும் மாறட்டும். ஒரு கோடு தொடர்ச்சியாக, இன்னொன்று விட்டு விட்டு, ஒன்றில் வட்டம், இன்னொன்றில் சதுரம். தகைவு, வெப்பநிலை போன்றவற்றுக்கு வானவில் நிறவரிசை போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் மஞ்சள் பட்டை, தரவில் இல்லாத ஒரு விளிம்பு இருப்பது போலக் கண்ணை ஏமாற்றும். விரிடிஸ் போன்ற நிறவரிசையில் வெளிச்சம் சீராக ஏறும், கறுப்பு வெள்ளையிலும் வரிசை கெடாது. வரைபடம் வரையும் பைத்தான் மென்பொருளான மேட்பிளாட்லிப் 2017ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதையே இயல்பாக வைத்திருக்கிறது.

அச்சுகளில் அளவின் பெயரும் அலகும் இரண்டும் வேண்டும். பிழைக்கோடு போட்டால் அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, எத்தனை மாதிரிக்கு என்று படத்தின் தலைப்பிலேயே சொல்லுங்கள். பட்டை வரைபடம் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். 35லிருந்து தொடங்கினால் 38க்கும் 41க்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்கு போலத் தெரியும், கவனமான ரிவ்யூவர் அதைத் தவறவிட மாட்டார். படத்தின் தலைப்பு கீழே, அட்டவணையின் தலைப்பு மேலே, இது ஏறக்குறைய எல்லா ஜர்னலிலும் உள்ள வழக்கம். எல்லாப் படமும் எல்லா அட்டவணையும் உரையில் வரிசைப்படி ஒரு முறையாவது சுட்டப்பட வேண்டும். வேறொருவர் கட்டுரையில் உள்ள படத்தை எடுத்துப் போட்டால் ரெஃபரன்ஸ் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பதிப்புரிமை பதிப்பகத்திடம் இருந்தால் அவர்களுடைய அனுமதி எழுத்தில் வேண்டும்.

எண், அலகு, சமன்பாடு

கருவி தரும் எண்ணை அப்படியே எழுதுவது இன்னொரு பழக்கம். எக்செல் சராசரி போட்டு 41.2763 மெகாபாஸ்கல் என்று காட்டும். கான்கிரீட் உருளைகளின் அமுக்க வலிமைக்கான சோதனைத் தரநிலையான ஏஎஸ்டிஎம் சி39 என்ன சொல்கிறது? 0.1 மெகாபாஸ்கலுக்கு முழுமையாக்கு என்கிறது. ஆக 41.3 என்று எழுதுவதுதான் நேர்மை, மிச்ச இலக்கங்கள் உங்கள் இயந்திரத்துக்கே தெரியாதவை. பத்து வரிசை உள்ள அட்டவணையில் எல்லா எண்ணும் நாலு தசமத்தில் நின்றால் இவருக்கு அளவீட்டுத் துல்லியம் பற்றித் தெரியாது என்று ரிவ்யூவர் முடிவுகட்டிவிடுவார், அதற்குப் பிறகு நல்ல தரவையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

அலகில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியம். பாஸ்கலுக்கு முன்னால் பெரிய எம் போட்டால் மெகா, சின்ன எம் போட்டால் மில்லி. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி விட வேண்டும், டிகிரி செல்சியசுக்கும் அப்படித்தான். மாறிகள் சாய்வெழுத்தில், அலகுகள் நேரெழுத்தில். சின்ன எம் என்ற ஒரே எழுத்தை நிறை, மீட்டர் இரண்டுக்கும் பயன்படுத்த நேர்ந்தால், எது மாறி எது அலகு என்று காட்டுவது அந்தச் சாய்வு மட்டும்தான்.

சமன்பாடுகளை ஒருபோதும் படமாக ஒட்டாதீர்கள், பக்கம் அமைக்கிறவரால் அதைத் திருத்த முடியாது. சமன்பாட்டு எடிட்டரில் எழுதி, வலது ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் எண் கொடுத்து, அதில் வரும் ஒவ்வொரு குறியீட்டையும் அதையடுத்து உடனே விளக்கிவிடுங்கள். ஒரே குறியீடு பக்கம் 3ல் அடர்த்தி, பக்கம் 7ல் மின்தடைத்திறன் என்று மாறக்கூடாது.

ரெஃபரன்ஸ்

கையால் எண் போடாதீர்கள், இவ்வளவுதான் முதல் அறிவுரை. ஐ ட்ரிபிள் ஈ முறையில் சதுர அடைப்புக்குள் எண், உரையில் முதலில் வரும் வரிசைப்படி. முன்னுரையில் நடுவில் ஒரு மேற்கோளைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லா எண்ணும் மாறும். ரெஃபரன்ஸைச் சேகரித்து எண் போட்டுத் தர ஸோட்டேரோ, மெண்டலே, ஜாப்ரெஃப் என்று இலவசமாகவே கருவிகள் இருக்கின்றன, ஆரம்பத்திலேயே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். ஜர்னல் மாறினால் முறையை மாற்றுவது ஒரு சொடுக்கில் முடியும். நான் ஸோட்டேரோ பக்கம்தான், ஒரு காரணம் அது உங்கள் சேகரிப்பில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருந்தால் எச்சரித்துவிடும்.

ஆனால் கருவி தருவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. கூகுள் ஸ்காலரிலிருந்து இழுக்கும் விவரத்தில் பக்க எண் விடுபட்டிருக்கும், மாநாட்டுக் கட்டுரை ஜர்னல் என்று பதிவாகியிருக்கும். லேடெக் (கட்டளைகளால் பக்கம் அமைக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: பல ரெஃபரன்ஸ் முறைகளில் அதன் ரெஃபரன்ஸ் கருவியான பிப்டெக் கட்டுரைத் தலைப்பைச் சின்ன எழுத்தாக மாற்றிவிடும், வேதிக் குறியீடும் சுருக்கப் பெயரும் அதில் சிதைந்து போகும். காப்பாற்ற வேண்டிய சொல்லைச் சுற்றி நெளிவு அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒவ்வொரு ரெஃபரன்ஸின் டிஓஐ (கட்டுரைக்கு உரிய நிரந்தர அடையாள எண்) இணைப்பையும் சொடுக்கி, அந்தக் கட்டுரை உண்மையிலேயே திறக்கிறதா, நீங்கள் சொல்லும் விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நம்பும்படியான தலைப்பு, நம்பும்படியான பெயர்கள் வைத்து இல்லாத கட்டுரையை உண்டாக்கித் தரும். அப்படி ஒன்று பட்டியலில் அகப்பட்டால் மொத்த உழைப்பின் மீதும் நம்பிக்கை போய்விடும். இந்தக் கருவிகளை ஆசிரியராகப் போடக்கூடாது என்பதில் பெரிய பதிப்பகங்கள் எல்லாம் ஒரே கருத்தில் இருக்கின்றன; மொழி திருத்தப் பயன்படுத்தினால் அதை எங்கே, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அந்தந்த ஜர்னலின் விதியில் பாருங்கள்.

வேர்டா லேடெக்கா என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. சமன்பாடு நிறைய என்றால் லேடெக், கூட எழுதுகிறவர்கள் வேர்டில்தான் திருத்துவார்கள் என்றால் வேர்டு. வேர்டு என்றால் தலைப்புகளுக்கு ஸ்டைல் பயன்படுத்துங்கள், படத்தின் எண்ணைக் குறுக்குச்சுட்டியாகச் செருகுங்கள். இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி எதையும் நகர்த்தாதீர்கள்.

அனுப்பும் நாள்

கட்டுரைக் கோப்பு ஒன்றை ஏற்றினால் முடிந்தது என்று நினைத்து உட்காருவீர்கள், தளம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். எல்லா ஆசிரியர்களின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல், ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண். யார் என்ன செய்தார்கள் என்ற பங்களிப்புக் குறிப்பு, பெரும்பாலும் 14 வகைப் பங்குகள் கொண்ட கிரெடிட் பட்டியலின்படி. நலன் முரண்பாடு அறிவிப்பு, நிதி விவரம், தரவு எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு. எல்சேவியரின் பல ஜர்னல்களில் கட்டுரையின் சாரத்தைச் சொல்லும் மூன்று முதல் ஐந்து முக்கியக் குறிப்புகள் (ஹைலைட்ஸ்), ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். சில இடங்களில் ரிவ்யூவர்களின் பெயரைப் பரிந்துரைக்கச் சொல்வார்கள். உங்களோடு சேர்ந்து எழுதியவர்களையும் உங்கள் நிறுவனத்தாரையும் தவிர்த்து, நீங்கள் மேற்கோள் காட்டியவர்களிலிருந்து எடுங்கள். இதையெல்லாம் முதல் நாளே ஒரு கோப்பில் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியர் வரிசையையும் அதற்கு முன்பே எல்லோரிடமும் பேசி முடித்துவிடுங்கள், அனுப்பிய பிறகு மாற்றுவது பெரிய தலைவலி.

பெயர் மறைத்து ரிவ்யூ செய்யும் ஜர்னல் என்றால் முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. நன்றியுரை, கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயர், "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று உங்களையே காட்டிக்கொடுக்கும் வாக்கியம், படத்தின் ஓரத்தில் ஆய்வகத்தின் முத்திரை, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே வெளியானவற்றோடு உங்கள் வாக்கியங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் எத்தனை சதவீதம் வரை பரவாயில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். கேள்வியே தவறு. 25 சதவீதம் ரெஃபரன்ஸ் பட்டியலிலும் தரநிலைகளின் பெயரிலும் வழக்கமான தொடர்களிலும் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் பிரச்சினையில்லை, 8 சதவீதம் ஒரே கட்டுரையின் விவாதப் பகுதியிலிருந்து வந்தால் பெரிய பிரச்சினை. உங்கள் சொந்தப் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தாலும் அது நகல்தான். அதோடு, ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்புவதும் கூடாது.

முகப்புக் கடிதத்தில் அப்ஸ்ட்ராக்டைத் திரும்ப ஒட்டாதீர்கள். என்ன கண்டுபிடித்தீர்கள், அது ஏன் இந்த ஜர்னலின் வாசகருக்கு வேண்டும், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை. அரைப் பக்கம் தாராளம்.

பதில் வந்த பிறகு

பெரிய திருத்தம் தேவை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம், கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ரிவ்யூவரின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே நகலெடுத்து, அதன் கீழே உங்கள் பதில், அதன் கீழே கட்டுரையில் மாற்றிய வரி, பக்க எண்ணோடு. ஒரு குறிப்பைக்கூட விட்டுவிடாதீர்கள், ஒப்புக்கொள்ளாததற்கும் பதில் எழுதுங்கள், ஆனால் காரணமும் தரவும் சேர்த்து. ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று தோன்றினால், அவர் அப்படிப் புரிந்துகொள்ளும்படி எந்த வாக்கியம் இருந்தது என்று தேடி அதையும் மாற்றுங்கள். அவருக்கு வந்த குழப்பம் நாளை வாசகருக்கும் வரும்.

ஏற்றுக்கொண்ட பிறகு ப்ரூஃப் (வெளியிடும் முன் நீங்கள் சரிபார்க்க வேண்டிய, பக்கம் அமைத்த பிரதி) வரும், பல பதிப்பகங்கள் இரண்டு மூன்று நாளுக்குள் திருப்பிக் கேட்கும். மகிழ்ச்சியில் மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். பக்கம் அமைக்கும்போது சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி காணாமல் போகும், கிரேக்க எழுத்து வேறொன்றாக மாறியிருக்கும், அட்டவணையில் ஒரு நெடுவரிசை நகர்ந்திருக்கும். ஒருவர் மூலக் கோப்பை உரக்கப் படிக்க, இன்னொருவர் ப்ரூஃபில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான முறை. ஆசிரியர் பெயர்களின் எழுத்துக்கூட்டல், இனிஷியல் வரும் இடம், நிறுவனத்தின் பெயர் இவற்றைத் தனியாக ஒரு முறை பாருங்கள். தரவுத்தளங்கள் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. வெளியான பிறகு திருத்த வேண்டுமானால் தனியாகத் திருத்த அறிவிப்பு வெளியிட்டாக வேண்டும்.